ஷோபனா ஜெயசிங் நடனக் குழுவை வழிநடத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஷோபனா ஜெயசிங் அவர்களுக்கும், அவருடைய குழுவில் தயாரிப்பாளர்களாகவும் ஒத்திகை இயக்குநர்களாகவும் அறங்காவலர்களாகவும் பணியாற்றிய, பணியாற்றிவரும் அனைவருக்கும்,

வணக்கம்.

லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியொன்றில் பரதம் பயிற்றுவிக்கும் ஆசிரியை நான். உங்களில் எவரோடும் எனக்கு நேர்ப்பழக்கம் இல்லை. நீங்கள் செய்த உதவியும் என்னை எண்ணிச் செய்ததன்று. ஆயினும் அது என் வகுப்பறை வரை வந்து சேர்ந்தது. அதற்குரியவர்களுள் பெயர் தெரிந்தவர்களைப் பெயரைச் சொல்லியும், தெரியாதவர்களை அவர்கள் பார்த்த வேலையைச் சொல்லியும் பலர் அறிய நன்றி கூற விரும்பி இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி 'ஃபால்ட்லைன்' என்னும் படைப்புக்காக. 2007இல் மேடையேறிய அந்த நடனம், இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் பதினாறு வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வின் நடனப் பாடத்திட்டத்தில் சில ஆண்டுகள் இடம்பெற்றிருந்தது. 2005 ஜூலையில் லண்டனில் குண்டுகள் வெடித்த பிறகு, தெற்காசிய முகம் கொண்ட இளைஞர்கள் தெருவிலும் ரயிலிலும் எப்படிப் பார்க்கப்பட்டார்கள் என்பதை நாங்கள் அறிவோம். அந்தப் பார்வையையும், அதன் எதிரே அவர்கள் காட்டிய விறைப்பையும் உடலசைவுகளாக்கியது அப்படைப்பு. இசையமைப்பாளர்கள் ஸ்கேனர், எரோலின் வாலன் ஆகியோரின் இசைக்கு நடுவே மும்பையில் பிறந்த பாடகி பட்ரீஷியா ரொசாரியோவின் குரல் எழும்ப, பரதத்தின் கைமுத்திரையும் நகரத்து இளைஞனின் நடையும் ஒரே உடலில் மோதிக்கொள்ளும். அதுவரை எங்கள் பிள்ளைகளுக்குப் பரதம் என்பது சனிக்கிழமைக்கு உரியது. சலங்கையைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, ஆடி முடித்துத் திரும்பிப் போவார்கள், திங்கட்கிழமை பள்ளித் தோழிகளிடம் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுடைய பள்ளி ஆசிரியையே ஒரு முத்திரையைக் காட்டி, அது ஏன் அந்த இடத்தில் வருகிறது, ஒளியமைப்பு அங்கே என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கியபோது, அந்தக் கேள்விகளை என்னிடம் கொண்டுவந்தார்கள். பரதத்தின் அடிப்படை அசைவான அடவு ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று மாணவியர் என்னைக் கேட்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். உண்மையில் பல கேள்விகளுக்கு விடை தேடி நானும் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு நடனம் தேர்வுக்குரிய பாடமாக வேண்டுமென்றால், ஆடினால் மட்டும் போதாது. தெளிவான ஒளிப்பதிவு வேண்டும். ஆடை, இசை, ஒளி, மேடை அமைப்பு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்படியான குறிப்பு வேண்டும். கைதட்டல் கிடைக்காத அந்த வேலையைச் செய்தவர்கள் யாரோ, அவர்களுக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

ஷோபனா அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. சென்னையில் பிறந்து, இலங்கையிலும் மலேசியாவிலும் வளர்ந்து, இங்கிலாந்துக்கு வந்து சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் படித்த அவர், வழுவூர் பாணியில் பரதம் பயின்று தனியாடல் நிகழ்த்தி வந்தவர். அந்த வழியிலேயே தொடர்ந்திருந்தால் சபாக்களும் கோயில் விழாக்களும் பொன்னாடைகளும் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்திருக்கும். 1988இல் அவர் குழு ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இசையமைப்பாளர் மைக்கேல் நைமனிடம் கர்நாடக இசையின் தாளக் கணக்குகளைக் கொடுத்து, அவற்றின் மீது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு கருவிகளுக்கான இசையை எழுதித் தரும்படி கேட்டார். நைமனின் இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட் அப்படிப் பிறந்ததே. இதில் நான் வியப்பது துணிவைக் காட்டிலும் தெளிவை. பரதத்தை மேற்கத்திய இசைக்கு 'ஏற்றவாறு' வளைத்தவர்கள் முன்பும் உண்டு. அவரோ நம் கணக்கை அடித்தளமாக வைத்துவிட்டு, இசையை அதன் மேல் எழுப்பச் சொன்னார். அன்று தொடங்கிய வழக்கத்தைக் குழு விடவில்லை. படைப்புகளுக்குப் புதிதாக இசை எழுதச் செய்வது, வாய்ப்புள்ள இடங்களில் இசைஞர்களை மேடையிலேயே அமர்த்துவது ஆகியவை பணம் தின்னும் முடிவுகள். அவற்றைத் தாங்கிய தயாரிப்பாளர்களை நினைக்காமல் கலை இயக்குநரை மட்டும் பாராட்டுவது முறையாகாது.

இந்நாட்டில் இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் பதிவுபெற்ற அறக்கட்டளைகளாக இயங்குகின்றன. ஊதியம் எதுவும் பெறாமல், கணக்கு வழக்குக்குச் சட்டப்படி பொறுப்பேற்று, கலைக்குப் பொதுநிதி வழங்கும் கலை மன்றத்தின் நிதி அடுத்த சுற்றில் கிடைக்குமா என்ற கவலையையும் சுமப்பவர்கள் அறங்காவலர்கள். நம் சமூக அமைப்புகளின் குழுக் கூட்டங்களில் அமர்ந்து பழகியவர்களுக்கு, ஓர் அமைப்பைப் பல பத்தாண்டுகள் பிளவுபடாமல் நடத்துவது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தலைமைப் பொறுப்பில் ஒரு தமிழ்ப் பெண் இருக்க, அவருடைய கலைத் தீர்ப்பில் தலையிடாமல், அதே வேளையில் கணக்கில் கண்டிப்பாக நின்ற அந்த முகமறியா மனிதர்களுக்கு நன்றி. பிரிட்டிஷ் அரச விருதுகளான எம்.பி.இ. 1995இலும் சி.பி.இ. 2020இலும் ஷோபனா அவர்களைத் தேடி வந்தபோது, அவற்றில் இவர்களுக்கும் பங்குண்டு என்றே நான் கருதினேன்.

எல்லாப் படைப்புகளும் எனக்கு உவப்பானவை என்று சொன்னால் அது முகத்துதியாகிவிடும். அபிநயத்தில் ஊறி வளர்ந்தவள் நான். முகம் பேசாமல் முதுகும் முழங்காலும் மட்டுமே பேசும் சில படைப்புகளின் முன் எனக்கு ஏக்கம் எழுந்ததுண்டு. பக்தியைக் கழற்றி வைத்துவிட்டார்கள் என்று எங்கள் வட்டத்தில் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். 1995இல் வந்த 'ரெய்டு' கபடியின் மூச்சையும் பாய்ச்சலையும் எடுத்துக்கொண்டதை எண்ணிப் பார்க்கிறேன். ஆண்டவனைப் பாடாத உடலும் தமிழுடல்தானே என்று அவர்களுக்குச் சொல்லத் தோன்றும்.

அந்தக் குறைக்கு முழுமையான மறுமொழியாக எனக்குப் பட்டது, 2015இல் ராயல் ஓப்பரா ஹவுஸின் லின்பரி அரங்கில் நிகழ்ந்த 'லா பயாதேர்: தி நைன்த் லைஃப்'. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சேர்ந்த தேவதாசியர் சிலர், புதுச்சேரியில் ஒப்பந்தம் செய்யப்பட்டு 1838இல் பாரிஸுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுள் அம்மணி என்ற இளம்பெண்ணைக் கண்டு மயங்கிய பிரெஞ்சுக் கவிஞர் தியோஃபீல் கோத்தியே, அவளுடைய தோலின் நிறத்தையும் மூக்குத்தியையும் காட்சிப் பொருளைப் போல அங்கம் அங்கமாக வருணித்து எழுதினார். பின்னர் அவர்கள் லண்டனிலும் ஆடினார்கள். ஐரோப்பிய பாலே மேடைக்கு இந்தியக் கோயில் நடனப்பெண் மீது ஏற்பட்ட மோகம் 1877இல் ரஷ்யாவில் மரியஸ் பெட்டிப்பா அமைத்த 'லா பயாதேர்' (கோயில் நடனப்பெண்) என்ற பாலே வரை நீண்டது. அதில் நம் பெண்களின் சாயல் எதுவும் இல்லை. கேப்ரியல் புரோகோஃபியேவின் இசையோடு ஷோபனா அவர்கள் அமைத்த நடனத்தில், மலேசியாவில் பிறந்த சூரஜ் சுப்பிரமணியம் என்ற ஆண் கலைஞர் அந்தக் கோயில் நடனப்பெண்ணாக நிற்க, கோத்தியேயின் சொற்கள் ஒலிக்க, மற்றவர்கள் அவரைச் சுற்றிவந்து உற்றுப்பார்த்தார்கள். வருணனை அன்று அவ்வுடலுக்குச் செய்ததை நாங்கள் அரங்கில் அமர்ந்து கண்கூடாகப் பார்த்தோம். தேவதாசியரைப் பற்றி எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பார்க்கப்பட்ட விதத்தைப் பார்க்கும்படி செய்த ஆடல் எனக்கு அது ஒன்றே. ஓர் ஆணை அந்த இடத்தில் நிறுத்தும் முடிவுக்கும், ஐரோப்பிய பாலேயின் தலைமையிடங்களுள் ஒன்றான அந்த மாளிகைக்குள்ளேயே அக்கேள்வியைக் கொண்டுசென்ற முடிவுக்கும் துணைநின்றவர்கள் அனைவருக்கும் தலைவணங்குகிறேன்.

அதே சூரஜ் சுப்பிரமணியமும், தென் அமெரிக்க நாடான சூரினாம் வழிவந்த ஹிப்ஹாப் கலைஞர் ஷைலேஷ் பஹோரனும் ஆடிய 'மெட்டீரியல் மென்' எங்கள் பள்ளிப் பெற்றோர் சிலரைக் கலங்க வைத்தது. கொல்கத்தாவிலிருந்து 'லல்லா ரூக்' என்ற கப்பல் 1873இல் முதல் இந்தியக் கூலிகளைச் சூரினாமில் இறக்கியது. நாகப்பட்டினத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கதையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. தோட்டத்தில் பிறந்த பாட்டன் பாட்டிகளைக் கொண்ட குடும்பங்கள் எங்களிடையே உண்டு. எலேனா காட்ஸ் செர்னின் எழுதிய கம்பியிசையின் நடுவே, முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பரதத்தின் அரைமண்டியில் அமர்ந்த ஓர் உடலும் தரையில் சுழன்ற இன்னோர் உடலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்ததைக் கண்ட பிறகு, வீட்டில் பேசப்படாமல் கிடந்த சில செய்திகள் பேசப்பட்டன. அதற்கு மேல் அதை விளக்க எனக்கு விருப்பமில்லை.

தேவாலய இருக்கைகளுக்குள் ஆறு பெண்கள் எழுந்தும் விழுந்தும் ஆடிய 'டூமார்ட்டல்', 1918ஆம் ஆண்டின் ஃபுளூ கொள்ளைநோயைப் பெண்களின் உடல்களில் காட்டிய 'கன்டேஜியன்' ஆகியவற்றுக்கும் நன்றி. பின்னதை 2018இல் கண்டோம். இரண்டே ஆண்டுகளில் நோய்த்தொற்றைப் பற்றி நாம் அனைவரும் வேண்டாத அளவுக்குத் தெரிந்துகொண்டோம்.

ஒத்திகை இயக்குநர்களைப் பற்றி ஒரு சொல். பரதமும் பாலேயும் நவீன நடனமும் தனித்தனியே பயின்று வந்தவர்களை ஒரே கணக்கில் நிற்கவைப்பது எத்தகைய பொறுமையைக் கேட்கும் என்பது, பத்துப் பிள்ளைகளைக்கூட ஒருசேரத் 'தை ஹத் தை ஹி' ஆடவைக்கத் திணறும் என் போன்றோருக்கு நன்றாகவே தெரியும். கலைஞர்கள் மாறிக்கொண்டே இருக்க, படைப்பின் கூர்மை குன்றாமல் அடுத்தவரிடம் ஒப்படைத்தவர்கள் நீங்கள்.

நன்றி மடலில் வேண்டுகோள் வைப்பது வழக்கமன்று என்றாலும் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். என்றேனும் வாய்ப்பு அமையுமானால், பாரிஸுக்குப் போன அந்தப் பெண்களைப் பற்றிய படைப்பைத் திருவந்திபுரத்திலோ, அதற்கு அருகிலுள்ள கடலூர், புதுச்சேரி அரங்குகளிலோ நிகழ்த்துங்கள். அங்குள்ளவர்களுக்கு முன்னுரை எழுதித் தருவதற்கும், நிகழ்ச்சிக்கு ஆள்திரட்டுவதற்கும் எங்கள் பள்ளிப் பெற்றோரும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம்.

மிக்க நன்றியுடனும் மதிப்புடனும்,

லண்டன் தமிழ்ப் பள்ளியொன்றின் பரத ஆசிரியை