கள்ளியங்காட்டு நீலியும் கணினி விளையாட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் கேம் என்றாலே துப்பாக்கிச் சூடு என்று பேசி முடித்துவிடுகிறோம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஓர் உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, மாதக்கணக்கில் ஆடுகிற மாயக்கதை விளையாட்டுகள் வேறு வகை. அவற்றைத் தாங்கி நிறுத்துவது 'லோர்' என்று ஆடுகிறவர்கள் சொல்லும் பழங்கதை: அந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது, யாருக்கு யார் பகை, எது பலிக்கும், எது பலிக்காது. இப்படிக் கதை கட்டும் வித்தை குமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டுப் பாடும் வில்லடிக்காரர்களிடம் எப்போதிருந்தோ இருக்கிறது. கேம் டிசைன் படிக்கிற நம் பிள்ளைகள்தான் மேல்நாட்டுக் கதைகளிலிருந்து டிராகனையும் எல்ஃபையும் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பழிவாங்கத் திரியும் பேயான நீலியின் கதையை எடுத்துக்கொள்வோம். அவள் பழிவாங்கத் தேடும் செட்டியின் கையில் கத்தி இருக்கும்வரை நீலியால் அவனை நெருங்க முடியாது. கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் நம்பி, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டுக்குள் அனுப்புகிறார்கள். விடியும்போது செட்டி பிணம். ஒரு வல்லமை, அதற்கு ஒரு தடை, தடையை உடைக்க ஒரு தந்திரம். விளையாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

இதை ஆட்டமாக்குவது இப்படி. கள்ளிக்காட்டு ஓரத்தில் விறகு பொறுக்கும் கிழவி, 'கத்திய கைய விட்டுராத மக்ளே' என்று ஒரே வரி சொல்லட்டும். பத்து நிமிடம் கழித்து ஊர்ப் பெரியவர், 'ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு உள்ளே போ' என்பார். கிழவி சொன்னதைக் கேட்டவன் தயங்குவான். 'ஸ்கிப்' அழுத்தியவன் சாவான். அடுத்த முறை அவன் ஒரு வசனத்தையும் தாண்டிப்போகமாட்டான். ஆனால் ஆறு மாதம் கழித்து வரும் அப்டேட்டில் வேறோர் எழுத்தாளர், கத்தி வைத்திருப்பவனையும் நீலி கொன்றதாக எழுதிவிட்டால் கதை கெட்டது. பிறகு யாரும் எந்தக் கிழவியையும் நம்பமாட்டார்கள். அதற்குத்தான் ஒரு கதைப் பேரேடு வேண்டும். பாத்திரத்தின் பெயர், இடம், அதனால் முடிந்தது, முடியாதது, இந்த உண்மை யாருக்குத் தெரியும், யார் பொய் சொல்கிறார், எந்த அப்டேட்டில் வந்தது என்று ஏழு கட்டம் போட்டால் போதும். 'முடியாதது' என்ற கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள்.

வசனம் நீளக்கூடாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒரு பணியைச் சொல்ல எழுத்தாளர்களுக்கு 511 எழுத்துகள்தான் என்று அதன் வடிவமைப்பாளர் ஜெஃப் கப்லான் 2009-இல் சொன்னார். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. 'பேய்' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் நான்கு குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 12 பைட். 500 பைட் என்று அளந்த பெட்டியில் ஆங்கிலம் 500 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 166 குறியீடுகள்தான், அதிலும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாத இஞ்சினில் (விளையாட்டை இயக்கும் மென்பொருளில்) கொம்பு இடம் மாறி, பேய் 'பயே்' ஆகிவிடும். அந்தப் பேய்க்கு யார் பயப்படுவார்கள்? கதை எழுதத் தொடங்குமுன் இந்த ஒரு சொல்லைத் திரையில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஆன்லைனில் மட்டும் வரும் ஒரு தொல்லை: வெட்டிய அசுரன் பத்து நிமிடத்தில் எழுந்து நிற்பான், அடுத்த குழு காத்திருக்கும். உலகைக் காத்த ஒரே வீரன் நீதான் என்று ஆயிரம் பேரிடமும் சொன்னால் சிரிப்பார்கள். கோயில் கொடைவிழாவில் ஆண்டுதோறும் அதே சுடலைமாடன் கதை, அதே இடத்தில் அருள் வருகிறது. போன வருடமே பாடியாயிற்றே என்று யாரும் கேட்பதில்லை. சண்டையை ஆண்டுக்கொருமுறை வரும் சடங்காக வைத்தால் திரும்ப நடப்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

தொழில்நுட்பத் தோல்வியைக்கூடக் கதை காப்பாற்றும். 2010-இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டு படுதோல்வி. சத்தமில்லாமல் மூடாமல், வானத்தில் ஒரு சிவப்பு நிலாவை நாளுக்கு நாள் பெரிதாக்கி, 2012 நவம்பரில் அது உடைந்து உலகம் அழிவதாகக் காட்டி சர்வர்களை நிறுத்தினார்கள். 2013 ஆகஸ்டில் புதுப்பித்துத் திறந்தபோது, பழைய ஆட்டம் புதிய ஆட்டத்தின் புராணமாகியிருந்தது.

ஒரு எச்சரிக்கை. நீலியை இசக்கியம்மனாக வணங்குகிறவர்கள் குமரி மாவட்டத்து முப்பந்தலிலும் சுற்றிலும் இருக்கிறார்கள். நாற்பது பேர் சேர்ந்து வெட்டிச் சாய்க்கும் அரக்கியாக அவளை வைக்கக்கூடாது. கதையும் அப்படி முடிவதில்லை. அவளைக் கொடை கொடுத்து அமர்த்த வேண்டும். தோவாளைப் பிச்சிப்பூ, கமுகம்பாளை, மஞ்சள், பொங்கலுக்கு அரிசி எனச் சர்வர் முழுவதும் சேர்ந்து திரட்டும் பணியாக அதை அமைக்கலாம். 2006 ஜனவரியில் வார்கிராஃப்டில் ஆன்கிராஜ் என்னும் இடத்தின் கதவு திறந்தது இப்படித் திரட்டித்தான். அங்கே நடந்த தவறு, திறப்பு நாளில் எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்து சர்வர்கள் திணறியது. பொருளின் அளவையும் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல், வாரம் ஒருமுறையாவது வருகிறவர்களை வைத்து வகுக்க வேண்டும். இல்லையேல் திரட்டு பாதியில் நின்றுபோகும். கொடை இரவை ஒரே கோயிலில் வைக்காமல் இருபது ஊர்களுக்குப் பிரித்துவிட்டால் நெரிசல் இல்லை. ஊருக்கு ஓர் இசக்கி இருக்கிற மாவட்டத்தில் அதற்குக் கதையில் காரணம் தேடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
விளையாட்டுக் கதை எழுதுவோர் சிலர்,
நாகர்கோவில்.