அன்பளிப்பும் அமானிதமும்

அன்பு நண்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், அல்ஹம்துலில்லாஹ். இங்கே எல்லோரும் நலம். மகனுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது. ஒப்பந்தக்காரர்களின் பில்லைச் சரிபார்க்கும் பிரிவு. சேர்ந்த சூட்டோடு, பெருநாள் வாழ்த்து என்று ஒருவர் வீட்டுக்கே பெரிய பெட்டி ஒன்றை அனுப்பிவிட்டார். "வாங்கலாமா அத்தா?" என்று கேட்டான்.

அவனுக்கு இப்னுல் லுத்பிய்யா சம்பவத்தைச் சொன்னேன். உனக்கும் தெரிந்ததுதான். கட்டாய தர்மமான ஸகாத்தை வசூலிக்கப் போனவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது" என்று பிரித்து வைக்கிறார். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசல் மேடையான மிம்பரில் ஏறி, அவர் தம் தந்தை வீட்டிலோ தாய் வீட்டிலோ உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். லஞ்சத்துக்கு இதைவிட நல்ல உரைகல் எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, சொல். நாற்காலியை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டி திரும்பிப் போயிற்று. அவன் அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், பெட்டி அழகாக இருந்ததாம்!

பள்ளிவாசல் நிரம்புகிறது, சமுதாயம் மட்டும் மாறக் காணோமே என்று நீ குறைப்பட்டிருந்தாய். தொழுகையில் அணி கோணினால் திருத்த பத்துப் பேர் வருகிறோம், தராசு கோணினால் யாரும் வாய் திறப்பதில்லை. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கக் குர்ஆனில் ஒரு சூராவே, ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது. குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைக்கச் சொல்வது (2:282). நாமோ "நமக்குள் என்ன எழுத்து?" என்று கொடுத்துவிட்டு, பிறகு ஆயுளுக்கும் பேசாமல் இருக்கிறோம். இதையெல்லாம் அரசாங்கம் அதட்டிச் செய்ய வைக்கட்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சந்தையை மேற்பார்க்க அந்தக் காலத்தில் முஹ்தஸிப் இருந்தார், உண்மைதான். ஆனால் அவர் அடுத்த தெருவுக்குப் போன பிறகும் எடை சரியாக இருக்க வேண்டுமானால், மறுமையில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற பயம் வியாபாரியின் மனதில் இருக்க வேண்டும்.

வக்பு, அதாவது தர்மத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கி வைக்கும் சொத்து, அந்த விஷயத்தில்தான் நம் முன்னோர் மீது எனக்கு மலைப்பு. நபித்தோழர் உமர் (ரலி) அவர்களுக்கு கைபரில் நிலம் கிடைத்தபோது, அசலை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று நபியவர்கள் ஆலோசனை சொன்னார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகத் தரக் கூடாது, வாரிசுக்கும் போகக் கூடாது. அந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போயிற்று, பார். 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டத் தொடங்கிய மருத்துவமனை வக்பு வருமானத்தில் ஓடியது. ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. ஒருவருடைய தர்மம் அவருக்குப் பின்னும் பல தலைமுறைக்கு வைத்தியம் பார்த்திருக்கிறது.

இப்போது நீ வக்பை நிர்வகிக்கும் முத்தவல்லி ஆகியிருக்கிறாய். வாழ்த்துகள், கூடவே கொஞ்சம் அனுதாபமும். அந்த கைபர் நிலத்துக்கு உமர் (ரலி) போட்ட நிபந்தனைகளில் ஒன்று உனக்கென்றே எழுதியது போல இருக்கும்: நிர்வகிப்பவர் அதிலிருந்து முறையாக உண்ணலாம், சொத்துச் சேர்க்கக் கூடாது. பல இடங்களில் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

வக்பு கடைகளின் வாடகை பழைய காலத்துத் தொகையிலேயே நிற்கிறது, எடுத்துப் பேசினால் பகை வருமோ என்று கேட்டிருந்தாய். வரும், வரட்டும். அந்த வாடகை விதவைக்கும் படிக்கிற பிள்ளைக்கும் போக வேண்டியது, உன்னிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம். அதை விட்டுக்கொடுத்துப் பெருந்தன்மை காட்ட உனக்கு உரிமை கிடையாது. அடுத்த ஜும்ஆ முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்னிலும் வாசித்துவிடு, யார் எவ்வளவு வாடகை தருகிறார் என்பதையும் சேர்த்து. முதலில் யாருக்குக் கோபம் வந்தது என்று மறக்காமல் எழுது.

துஆவுடன்,
உன் பழைய நண்பன்