சிவப்பு வண்டியும் உன் மகனும்

பொள்ளாச்சி,
ஆடி 22

அன்பு மாப்ள,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் சின்ன அம்மிணியும் நலமாக இருப்பீர்கள். ஆடிக்காற்று இந்த வருஷம் விடாமல் அடிக்கிறது, தோப்பில் மட்டை விழாத நாள் இல்லை. வாடல் நோயில் நாற்பது மரத்தை வெட்டியாயிற்று, ஆனால் கொப்பரை விலை ஏறிக் கை கொடுத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். லேத் பட்டறை அண்ணன் பேத்திக்குக் காது குத்து வைத்திருக்கிறார், உனக்கும் பத்திரிகை வரும். ஊர் நாயம் அவ்வளவுதான்.

இனி, மூன்று மாதமாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்துக்கு வருகிறேன். கார் வாங்கிவிட்டேன். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி, 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், சிவப்பு. உன் இச்சல்கரஞ்சி இருக்கிற அதே மகாராஷ்டிரத்தில், புனே பக்கம் சாகனில் செய்த வண்டி. நீ அங்கே போய் உட்கார்ந்திருக்க, அது அங்கிருந்து கிளம்பி என் வாசலுக்கு வந்திருக்கிறது.

நாலைந்து தடவை போனை எடுத்து உன் பேரைத் தொட்டுவிட்டு வைத்துவிட்டேன். 2012 மின்வெட்டில் நீ தறியை எடைக்குப் போட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? பழைய இரும்புக்காரன் ஒவ்வொன்றாகக் கழற்றி ஏற்றியபோது நீ கலங்கவில்லை. கணக்குக்கூடச் சரியாகப் பார்த்து வாங்கினாய். மறுவாரம் தாராபுரத்துக்காரர் வந்து உன் மாருதி 800ஐ ஓட்டிப் போனபோது மட்டும் இட்டேரி முக்கு வரைக்கும் அதன் பின்னாலேயே நடந்தாய். அந்த நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கார் என்றால் உயிரை விட்டவன் நீ. வண்டி வந்திருப்பது எனக்கு. இதை எந்த வாயால் சொல்வது என்று தெரியாமல்தான் நாளைக் கடத்தினேன். தப்புத்தான், மன்னித்துவிடு.

சொல்லிவிட்டேன், மனசு லேசாயிற்று. இனி வண்டியைப் பற்றிப் பேசவிடு. நீ வேண்டாம் என்றாலும் பேசத்தான் போகிறேன்.

150 பிஎஸ் சக்தி, 250 நியூட்டன் மீட்டர் இழுவை. காகிதத்தில் வெறும் எண்கள். ஆனால் அந்த 250 முழுசும் எஞ்சின் நிமிஷத்துக்கு 1600 சுற்று ஓடும்போதே வந்துவிடுகிறது மாப்ள. நம்ம 800ல் ஒரு தேங்காய் லாரியை முந்த நீ என்ன பாடு பட்டாய்? மூணாவது கியருக்கு இறக்கி, எஞ்சின் கத்தக் கத்த, நான் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்து "வா, வா, இல்லை, நில்லு" என்று சொல்லி. இதில் நாலாவது கியரிலேயே மிதித்தால் போதும், முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி போகிறது. 796 சிசி, மூணு சிலிண்டர், அந்த எஞ்சினையே நம்ம கோயமுத்தூர் பந்தயக்காரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை சீட் பந்தயக் காருக்கு எடுத்து வைத்தார் என்று நீ அந்தக் காலத்தில் வாய் ஓயாமல் சொல்வாய். 1995ல் அவர் சிறு விமான விபத்தில் போனபோது இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. புது வண்டியைச் செட்டிபாளையம் வழியாகக் கொண்டு வந்தபோது அவர் பேர் தாங்கிய கரி பந்தய ட்ராக்கின் பக்கம் ஓரமாக நிறுத்தினேன். எதற்கு என்று உன் தங்கச்சி கேட்டாள். சும்மா என்றேன்.

இன்னொரு வித்தை இருக்கிறது. நிதானமாக ஒரே சீராகப் போகும்போது நாலு சிலிண்டரில் இரண்டு தானாக அணைந்துவிடும். பெட்ரோல் மிச்சம். மிதித்த உடனே நாலும் சேர்ந்துகொள்ளும். இரண்டு ஏர் வைத்திருக்கும் பண்ணையில் லேசான மண்ணுக்கு ஒரு சோடியை நிழலில் கட்டிவைத்து, கெட்டி மண் வந்ததும் அவிழ்த்துப் பூட்டுகிற மாதிரி. உங்க அப்புச்சி இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார்.

அப்புச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் 1000 கிலோமீட்டர் அவர் காளை பழக்குகிற மாதிரியேதான் ஓட்டினேன். உச்ச சுற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே ஏற்றவில்லை, ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்கவும் இல்லை. புது டயருக்கு முதல் 500 கிலோமீட்டர் பிடிப்பு முழுசாக வராது, புது பிரேக்குக்கும் கொஞ்சம் தேயவேண்டும். அதனால் முன்னால் போகிறவனுக்கு வழக்கத்தைவிட இரட்டிப்பு இடம் விட்டேன். மலை ஏறி நின்றால் உடனே சாவியைத் திருகுவதில்லை, ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுகிறேன். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ அந்தச் சூட்டில் இருக்கும்போது எண்ணெய் ஓட்டம் நின்றால் உள்ளேயே கருகிப் படிந்துவிடும். ரேக்ளா முடிந்து வந்த காளைக்கு உடனே தண்ணி காட்ட வந்த உன்னை அப்புச்சி எப்படி அதட்டினார்? "மொதல்ல நடத்தி உடுறா, மூச்சு ஆறட்டும்." 300 மீட்டர் ஓடிய காளைக்கே அந்த மரியாதை என்றால், நாற்பது கொண்டை ஊசி ஏறிய எஞ்சினுக்கு ஒரு நிமிஷம் கொடுக்கக் கூடாதா?

ஆமாம், வால்பாறை போய் வந்தேன். வைகாசி தொடக்கத்தில், மழை இறங்குவதற்கு முன்னால். ஆழியாறு செக்போஸ்ட்டை வெள்ளென ஆறரைக்குத் தாண்டினேன். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணையைப் பார்த்தேன், மேலே வரையாடு இரண்டு ரோட்டோரமே நின்றன. ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பெருமை. இரண்டாவது கியரிலேயே, எஞ்சின் பிடிக்கப் பிடிக்க, பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் தொட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் வெளியூர் வண்டி ஒன்று பிரேக்கை மிதித்தபடியே போய் அட்டகட்டிக்குக் கீழே புகையோடு ஓரம் கட்டி நின்றது. சின்னப் பையன்கள், குழந்தை வேறு இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொதித்தால் ஆவியாகும், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி போய்விடும் என்று நீ எனக்குச் சொன்ன அதே வார்த்தையில் அவர்களுக்குச் சொன்னேன். அரை மணி நேரம் ஆறவைத்து, பிறகு என் பின்னாலேயே சின்ன கியரில் கூட்டி வந்து ஆழியாற்றில் விட்டேன்.

டயர் காற்றை வாரம் ஒரு தடவை காலையில், வண்டி எடுக்கும் முன்பே பார்க்கிறேன். அது 2005ல் இருந்து எனக்குள் இருக்கிற பழக்கம். நரேன் கார்த்திகேயன் ஓடிய அந்த அமெரிக்க ஃபார்முலா ஒன் பந்தயம், இண்டியானாபோலிஸில்! உன் தறிக்கூடத்தில் டிவியைத் தூக்கி வந்து வைத்து, நடுச்சாமம் வரை முழித்திருந்தோமே. மிஷலின் டயர் அந்தச் சரிவு வளைவில் தாங்காது என்று பதினான்கு கார் வரிசையாக உள்ளே திரும்பிவிட, ஆறே ஆறு கார் ஓடிற்று, நம்ம ஊர்க்காரர் நாலாவதாக வந்தார். எல்லோரும் குதித்தோம். நீ மட்டும் "எஞ்சின் என்ன இருந்தா என்னடா, ரோட்டைத் தொடறது நாலு உள்ளங்கை ரப்பர்தான்" என்றாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வார்த்தை காதில் விழுகிறது.

கழுவுவதற்கும் வருகிறேன். முதல் மாதம் ரோட்டோரம் ஒரு வாட்டர் வாஷில் விட்டேன். தேங்காய் டெம்போவைத் துடைத்த அதே துணியால் துடைத்து, பானட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். வெயிலில் பார்த்தபோது வயிறு எரிந்தது மாப்ள. அன்றிலிருந்து நானேதான். இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் துணி அலசத் தண்ணி. மேலே தொடங்கிக் கீழே முடிக்கிறது, சக்கரத்துக்குத் தனித் துணி. வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். நம்ம போர் தண்ணி உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து, அப்புறம் போகவே போகாது. அதனால் மழைத் தண்ணியை ஒரு சிண்டெக்ஸில் பிடித்து வைத்திருக்கிறேன். காக்காய் எச்சம் விழுந்தால் அன்றைக்கே ஈரத் துணியை ஊறவைத்து எடுக்கிறேன், விட்டால் பெயிண்ட்டைத் தின்றுவிடும். தென்னை அடியில் நிறுத்துவதே இல்லை. தோப்பை விட்டுத் தள்ளி ஷீட் போட்டுத் தனிச் சாளை கட்டினேன். கட்டுத்தரை ஒழுகுது, அதைப் பார்க்காமல் காருக்குக் கொட்டகை கட்டுகிறார் என்று உன் தங்கச்சி இன்னும் பேசுகிறாள். அதையும் போன வாரம் சரி பண்ணிவிட்டேன். எலிதான் பெரிய எதிரி, ஒயரைக் கடித்துவிடும். ராத்திரி பானட்டைத் திறந்து வைத்து உள்ளே ஒரு சின்ன லைட் போட்டுவிடுகிறேன், அம்மா சொன்னபடி புகையிலையும் கட்டியிருக்கிறேன். இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது முக்கியமானது. இதற்காகத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

பதினெட்டாம் பெருக்குக்கு உன் பையன் ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தான். ஆழியாற்றுக்கு எல்லோரும் போய் வந்தோம். பொழுதோட "மாமா, ஒரு ரவுண்டு நான் ஓட்டட்டுமா" என்று கேட்டான். கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊருக்குள் அவன் ஓட்டிய அழகைச் சொல்லவேண்டும். ஸ்டியரிங்கில் கை வைக்கிற இடம், வளைவுக்குள் நுழையும்போதே அது முடிகிற இடத்தைப் பார்க்கிற பார்வை, கியர் விழுகிற மென்மை. இருபத்திரண்டு வயசில் நீ ஓட்ட நான் மடியில் தாளை விரித்து நேரமும் தூரமும் சொல்லி ராலி போனோமே, அதே கை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிறகு திண்டுக்கல் போகும் நாலுவழிச் சாலையில் ஏறினோம். மிதித்தான். நான் மீட்டரைப் பார்த்தபோது 148. வண்டி ஆடவில்லை, அலறவில்லை, அதுதான் பயம். நம்ம 800 எண்பதைத் தாண்டினாலே கதவெல்லாம் நடுங்கி எச்சரிக்கும். இது ஒன்றுமே சொல்லாமல் கொண்டு போகிறது. சற்றுத் தள்ளி நடுத்திட்டு இடைவெளியில் ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் புல்லுக்கட்டோடு குறுக்கே திரும்பக் காத்திருந்தார். அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

சத்தம் போடவில்லை. ஓரம் கட்டச் சொல்லி, டீக்கடையில் உட்காரவைத்து, "வேகம் இரண்டு மடங்கானா, பிரேக் புடிச்சப்புறம் நிக்கற தூரம் நாலு மடங்குடா கண்ணு. ரோட்டுல வர்றவங்களுக்கு நீ எவ்வளவு நல்லா ஓட்டறவன்னு தெரியாது" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். வெகுநேரம் பேசாமல் வந்தவன், திடீரென்று, "அப்பா அங்க ஸ்டியரிங்கையே தொடறதில்லைங் மாமா. கம்பெனி வண்டில பின்னாடி உக்காந்து போறாரு. ஓட்டுங்கன்னாலும் மாட்டேங்கறாரு" என்றான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உனக்கு 800 போனதோடு எல்லாம் போயிற்றா? பதிமூன்று வருஷமா? எனக்குத் தெரியாமலே போயிற்றே. இந்தப் பையன் உன் கையை அப்படியே வாங்கி வந்திருக்கிறான், ஆனால் அந்தக் கையை அடக்கச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. நான் சொன்னால் கேட்டுக்கொள்வான், மாமா பயப்படுகிறார் என்று நினைப்பான். வேகம் என்னவென்று அறிந்த நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது வேறு.

தீபாவளிக்குப் பத்து நாள் லீவு போட்டு ரயிலேறு. கரி ட்ராக்கில் நாள் வாடகைக்கு நம் சொந்த வண்டியை ஓட்ட விடுகிற நாளாகப் பார்த்துப் போவோம். இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சுற்று, எதிரே வண்டி வராது, புல்லுக்கட்டும் வராது. முதலில் நீ ஓட்டு, அவன் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு அவன் ஓட்டட்டும், நீ சொல். நான் வெளியே நின்று நேரம் பார்க்கிறேன், அந்தப் பழைய ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடுகிறது.

போனில் பையனைத் திட்டாதே. நான் எழுதினேன் என்றும் காட்டிக்கொள்ளாதே, அவன் என்னை நம்பித்தான் அதைச் சொன்னான். என் தங்கச்சிக்கு நெல்லிக்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். வண்டியைக் கழுவி வைக்க எனக்கு ஒரு நாள் முன்னால் தெரியவேண்டும்.

அன்புடன்,
மச்சான்