தம்பி, உச்சி வெயிலில்தான் ஃப்ளாஷ் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

ஃப்ளாஷ் வாங்கிவிட்டதாகவும், அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் நடக்கும் காதுகுத்துக்குப் படம் எடுக்க ஒத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தாய். "வெட்டவெளியில் பட்டப்பகலில் நடக்கிற விசேஷம், ஃப்ளாஷை ராத்திரிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவா அக்கா?" என்றும் கேட்டிருந்தாய். அப்படிச் செய்யாதே. அது உனக்கு அதிகம் தேவைப்படப்போவதே பட்டப்பகலில்தான்.

நான் முதன்முதலில் எடுத்ததும் ஒரு காதுகுத்துதான். கோயில் வாசலில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் தாய்மாமன் மடியில் குழந்தை, சுற்றிலும் சொந்தக்காரர்கள், பின்னால் வெயிலில் கண்ணைக் கூசும் பொட்டல். இவ்வளவு வெளிச்சத்தில் எதற்கு என்று ஃப்ளாஷைப் பையிலேயே வைத்துவிட்டேன். ஆல்பம் கொடுத்த அன்று குழந்தையின் அப்பத்தா கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "இதுல நான் எங்கடியம்மா இருக்கேன்?" என்று கேட்டார். கேமரா பின்னாலிருந்த வெயிலுக்கு ஏற்ப அளந்துவிட்டது. அப்பத்தாவின் வெள்ளைச் சேலை தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சம் இருக்கிறது: சூரியனுடையது ஒன்று, உன்னுடையது ஒன்று. அப்பெர்ச்சரும் (லென்ஸில் ஒளி நுழையும் துவாரம்) ஐ.எஸ்.ஓ.வும் (கேமரா ஒளியை உணரும் அளவு) இரண்டையும் சேர்த்தே மாற்றும். ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், வெயிலை மட்டும்தான் மாற்றும். ஏனென்றால் ஷட்டர் மூடுவதற்குள் ஃப்ளாஷ் அடித்து முடித்துவிடுகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் ஷட்டரை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. ஃப்ளாஷோடு எடுக்கும்போது பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி வரைதான். அதற்கு மேல் போனால் ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரு கீற்று இடைவெளியாகத்தான் நகரும். முழுச் சட்டமும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது. அப்போது ஃப்ளாஷ் அடித்தால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். அதைத் தாண்ட ஹை ஸ்பீட் சிங்க் என்று ஒரு வசதி உண்டு. ஆனால் அதில் ஃப்ளாஷின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். முதல் விசேஷத்துக்கு அது வேண்டாம்.

கணக்கு இப்படி. ஃபிலிம் காலத்து வழக்கப்படி, முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பெர்ச்சர் எஃப் 16. 1/200 வைத்தால் எஃப் 11. இப்போது ஃப்ளாஷ் எவ்வளவு தூரம் எட்டும் என்று பார். பெட்டியில் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்; எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும்) 60 என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஃப்ளாஷின் தலையை 200 எம்.எம். ஜூமில் வைத்த கணக்கு. 35 எம்.எம்.மில் அதே ஃப்ளாஷ் 36 அளவுக்குத்தான் வரும். 36-ஐ 11-ஆல் வகுத்தால் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். முழு பலத்திலேயே அவ்வளவுதான். அதனால் தள்ளி நின்று எடுக்காதே, கிட்டே போ. மூன்று மீட்டரில் நின்று, ஃப்ளாஷ் காம்பென்சேஷனை (ஃப்ளாஷின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1 வைத்தால் ஏறக்குறைய பாதி பலமே போதும்.

அந்த மைனஸ் 1-ஐப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஊரில் முகத்தை வெளுக்க வைப்பதற்கே ஃப்ளாஷ் என்று பலர் நினைக்கிறார்கள். கறுத்த முகத்தைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆக்கிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும் என்று உனக்கும் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதே. உச்சி வெயில் புருவத்தின் நிழலைக் கண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. அந்தக் கண்ணைத் திரும்பக் கொண்டுவரும் அளவுக்கு வெளிச்சம் போதும். நிறம் அவரவர் நிறமாகவே இருக்கட்டும்.

பலத்தைக் கேமராவே தீர்மானிக்கும் டி.டி.எல். முறையில் விட்டால் ஃப்ளாஷ் முதலில் லேசாக ஒருமுறை அடித்து, திரும்பி வரும் ஒளியை அளந்துகொள்ளும். பட்டுச்சேலை ஜரிகையும் வெள்ளை வேட்டியும் சட்டத்தை நிறைத்தால் அது ஏமாந்து பலத்தைக் குறைத்துவிடும். அப்போது மைனஸைக் கழித்துவிட்டுப் பூஜ்யத்துக்கு வா. வியர்த்த முகம் ஃப்ளாஷில் பளபளக்கும். ஒரு துண்டை நீட்டித் துடைத்துக்கொள்ளச் சொல்லு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மண்டபத்தில் கூரையில் அடித்துத் திருப்புகிற வித்தை இங்கே பலிக்காது. வானத்தில் பட்டு எதுவும் திரும்பாது. சிவப்பு, மஞ்சள் சாமியானாவில் அடித்தால் அந்த நிறம் முகத்தில் இறங்கும். வெள்ளை பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிவிடு. வெளியில் அது வெளிச்சத்தை நாலாபக்கமும் வீணாக்கும், நிழலை மென்மையாக்காது. நேராக அடி, வெயிலோடு கலந்துவிடும்.

சாயங்காலம் வேறு கதை. ஐ.எஸ்.ஓ. 1600, 1/60, எஃப் 4 என்று ஆரம்பித்தால் பின்னால் இருக்கும் சீரியல் விளக்குகளும் உயிரோடு இருக்கும். மஞ்சள் பல்பு என்றால் ஃப்ளாஷ் முகப்பில் ஆரஞ்சு ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) ஒட்டிக்கொள்.

அப்புறம் ஃப்ளாஷுக்குப் போடும் பேட்டரி செல். ரீசார்ஜ் செல் நான்கு ஒரு செட், குறைந்தது இரண்டு செட் எடுத்துப் போ. முழு பலத்தில் அடித்தால் திரும்ப நிரம்பச் சில நொடிகள் ஆகும். ஆசாரி காதில் ஊசி வைக்கும் முன் படபடவென்று அடித்துத் தீர்த்துவிட்டால், ஊசி இறங்கும் அந்த நொடியில் உன் ஃப்ளாஷ் எழாது. ரெடி விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காத்திரு. குழந்தையின் முகத்துக்கு அருகில் வைத்து மட்டும் அடிக்காதே.

யாராவது பழைய ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் கொடுத்தால் வாங்கி மாட்டிவிடாதே. சிலவற்றின் ட்ரிகர் வோல்டேஜ் (ஃப்ளாஷிலிருந்து கேமராவின் இணைப்புக்கு வரும் மின்னழுத்தம்) டிஜிட்டல் கேமராவையே எரித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் 12 மணிக்கு வீட்டுக்கு வா. மாமாவை வேப்பமரத்தடியில் நிற்க வைத்து, பூஜ்யம், மைனஸ் 1, மைனஸ் 2 என்று 2, 3, 5 மீட்டரில் எடுத்துப் பார்ப்போம். செல்லை முதல் நாள் ராத்திரியே சார்ஜ் போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா