மிஷின் வருமுன்

அன்புள்ள கண்ணு,

பாப்பாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, அடுத்த வாரம் அவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன். நீ தோட்டத்துக்கு வந்து நிற்கிற நேரத்தில் நான் இருக்க மாட்டேன். அப்போதுதான் ஜேசிபி வருகிறது என்றும் சொன்னாய். வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடக்கிறது, சுத்தம் செய்ய எனக்கும் சம்மதம்தான். ஆனால் எது என்ன மரம் என்று நீயே பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றிலும் கை வைக்க விடாதே சாமி. மிஷின் ஓட்டுகிறவருக்கு எல்லாமே முள்ளுதான்.

வடக்கு வேலியோரம்தான் குழப்பம் அதிகம். அங்கே நிற்பவை எல்லாம் பொடி இலை, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதில் போக வேண்டியது சீமைக்கருவேலம் மட்டும்தான். அடியிலேயே பல கிளையாகப் பிரிந்து சாய்ந்து வளர்ந்திருக்கும். பூ வெளிர் மஞ்சளாக நீளக் கதிரில் வரும், காயும் நீளம். தரையோடு வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும், அதனால் வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்கச் சொல்.

நம்ம ஊர்க் கருவேலத்துக்குப் பட்டை கருத்து வெடித்திருக்கும். பூ நல்ல மஞ்சள் உருண்டை. பூ இல்லாவிட்டால் காயைப் பார், மணி கோத்த மாதிரி இடையிடையே இறுகியிருக்கும். வெள்வேலத்துக்குப் பட்டையே வெளுத்துத் தெரியும். அதன் நெற்று விழுகிற காலத்தில் ஆடு அடியை விட்டு நகராது. உங்க தாத்தா நம்ம மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஒரு வெள்வேலத்தைக்கூட வெட்ட விட்டதில்லை, நிழலும் தீனியும் ஒரே மரத்தில் கிடைக்கிறதே.

அதே வரிசையில் முள்ளில்லாமல் நிற்பது அரப்பு மரம். உசிலை என்பதும் இதைத்தான். கிளையைக் கையால் உருவிப் பார், குத்தாது. காய் தட்டையாக, மெல்லிசாக இருக்கும். சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கண்ணில் பட்டால் அழுவாயே, அந்த அரப்புத்தூள் இந்த இலையைக் காயவைத்து இடித்ததுதான். கடையில் வாங்கும் தூளில் அந்த நுரை வருவதில்லை. இதைத் தொட்டால் எனக்கு ரொம்ப வருத்தமாகிவிடும்.

அப்புறம் கிளுவை. இந்தப் பங்குனி வெயிலில் இலையெல்லாம் உதிர்ந்து, நுனிக்கு நுனி முள்ளோடு காய்ந்த குச்சியாக நிற்கிறது. பட்டுப்போன வேலி, விறகுக்கு ஆகும் என்று யாராவது சொல்வார்கள். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார், உள்ளே பச்சை இருக்கும். மழை விழுந்தால் மூன்று மூன்றாக இலை விட்டுவிடும். காங்கயம் பக்கம் கிளுவைதான் நம்ம வேலி. கிளைப் போத்தை வெட்டி நட்டு வருஷக்கணக்காக அடர்த்தியானது, ஒரு காலைப்பொழுதில் போய்விடக் கூடாது. கம்பி வேலி வேண்டுமானால் போட்டுக்கொள், கிளுவைக்கு வெளியே போடு.

கிணற்றடியில் இருப்பதும் பிள்ளையார் மேடை பக்கத்தில் இருப்பதும் மூன்றிலைதான், ஆனால் ஒன்றல்ல. மேடை பக்கம் இருப்பது வில்வம், கிளையில் முள் உண்டு, இலையைக் கசக்கினால் வாசம் வரும். கிணற்றடியில் இருப்பது மாவிலங்கம், முள் கிடையாது. இரண்டும் இருக்கட்டும்.

சலதாரையோரப் புதர் நொச்சி. காம்புக்கு மூன்றோ ஐந்தோ இலை, அடிப்பக்கம் வெளுப்பு. சளிக்கு ஆவி பிடிக்க அதைத் தேடி வேறெங்கும் போக வேண்டாம். பாதையோரத்து ஆவாரையையும் விட்டுவிடு, பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேண்டும்.

ஊஞ்சல் பக்கத்துப் பொன்னரளியை மட்டும் தயங்காமல் எடுத்துவிடு. நீள ஒடுக்க இலை, மஞ்சள் பூ, கிள்ளினால் பால் வரும். அதன் கொட்டை கடுமையான விஷம், இதயத்தைப் பாதிக்கும். லீவுக்குக் குட்டி வந்தால் கீழே கிடப்பதைப் பொறுக்கத்தான் செய்வாள். பக்கத்திலேயே இருக்கிற நந்தியாவட்டையிலும் பால் வரும், ஆனால் பூ வெள்ளை, இலை அகலம். அதைச் சேர்த்துப் பிடுங்கிவிடாதே.

மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, அது நிற்கும்போது யோசிக்க முடியாது. முந்தின நாளே சாயங்காலம் வந்து, சுற்றி நடந்து பார்த்து, போக வேண்டியதில் மட்டும் சுண்ணாம்பு பூசிவிடு. சந்தேகம் இருந்தால் இலை, பட்டை, காய் மூன்றையும் கிட்டத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு, ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா