ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் ஏன் வரவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் வாசகர் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். ஞாயிறு காலை மூன்று கடை ஏறி இறங்கியும் அவருக்கு இடியப்பம் கிடைக்கவில்லையாம். "அவிச்சுக் குடுக்கிற பொம்பிளையள் எல்லாம் நெடுந்தீவுக்கு உலாத்தப் போட்டினம்" என்று கடைக்காரர் சொன்னாராம். சமைத்துப் பிழைக்கிறவர்களுக்குச் சங்கம் எதற்கு, ஒன்றுகூடல் எதற்கு என்று கேட்டிருந்தார்.

அந்தப் படகில் நானும் இருந்தேன். என் தொழில் பலகாரம். பயற்றம் பணியாரமும் அரியதரமும். ஆகவே இடியப்பம் வராததற்கு நான் நேரடிப் பொறுப்பு இல்லை. ஆனாலும் கடைகளுக்கு முதல் நாளே சொல்லாமல் விட்டது எங்கள் பிழைதான். அதற்கு மன்னிப்பு. மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில், சங்கம் என்பது எங்களுக்குப் பெரிய சொல். பதிவு கிடையாது, தலைவி கிடையாது, பொன்னாடை கிடையாது. 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது வெறும் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் குந்தியிருந்தோம் அல்லவா, அங்கேதான் இது தொடங்கியது. பக்கத்தில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தால் அவர் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுபவர். அவருக்கு அடுத்தவர் இடியப்பம். அவருக்குப் பின்னால் நின்றவரும் இடியப்பம்! இரண்டு பேரும் நாலு வருடமாக ஒரே கடைக்குத்தான் கொடுக்கிறார்கள். ஒருவர் ஐந்து மணிக்குப் பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுவார், மற்றவர் ஐந்தரைக்கு வருவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. "அந்தச் சிவத்தப் பெட்டி உங்கடையோ?" என்றுதான் அறிமுகம் ஆனார்கள்.

கடிதம் எழுதியவர் யோசிக்க வேண்டியது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்களுக்கு ஆசிரியர் அறை இருக்கிறது. அலுவலகத்தில் பத்து மணிக்குத் தேத்தண்ணி வரும், அதோடு ஊர்க்கதையும் வரும். மீன் விற்பவர்கள்கூடப் பாஷையூரில் ஒருவருக்கு அருகில் ஒருவர் இருந்து விலை கூறுகிறார்கள். வீட்டில் சமைத்து விற்பவளுக்கு யார் இருக்கிறார்கள்? இரவு இரண்டரைக்கு எழும்பி மா குழைக்கும்போது ஊரே நித்திரை. உரலைப் பிழிந்து பிழிந்து வலது கைப் பெருவிரலின் அடியில் காய்த்துப்போன தோலைக் காட்டினால், வீட்டுக்காரர் எண்ணெய் பூசு என்பார். அதே இடத்தில் தனக்கும் காய்த்திருக்கிறது என்று காட்ட இன்னொருத்தி வேண்டும்.

சரி, படகுக்கு வருகிறேன். குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறினால் நெடுந்தீவு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். மெசின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் கதைக்க வேண்டும். எங்களில் மூத்த அக்கா ஒருவர் ஒரு இடியப்பத்தைக் கடைக்கு 7 ரூபாய்க்குக் கொடுப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். மற்றவர்கள் 9 ரூபாய்க்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. படகு முழுக்க அமைதி, மெசினைத் தவிர. ஒருவர் மடியில் இருந்த, சாப்பாட்டுப் பார்சல் சுற்றும் லஞ்ச் சீற்றை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். அரிசி மா, அவித்த கோதுமை மா, விறகு, கடைக்குக் கொண்டுபோகும் ஓட்டோ.

"உங்கட கைக்கு எவ்வளவு போடுறது?"

"கைக்கென்ன கணக்கு? கை என்ரை தானே!"

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எங்களில் பாதிப்பேர் கைக்குக் கணக்குப் போட்டதே இல்லை. நான் உட்படத்தான். கோட்டை, பெருக்கு மரம், கல் வேலிகள், குதிரைகள் என்று அன்று எல்லாம் பார்த்தோம். அந்த அக்கா என்ன பார்த்தாரோ தெரியாது. லஞ்ச் சீற்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தார். மறுநாள் கடைக்காரரிடம் 9 ரூபாய் கேட்டிருக்கிறார். அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் கொடுத்தார். கடிதம் எழுதியவர் வாங்கும் இடியப்பத்துக்கு இந்த மாதம் விலை கூடியிருந்தால் அதற்கும் எங்கள் உலாத்தல்தான் காரணம். ஒளிக்கவில்லை.

எல்லாப் பயணமும் இப்படிக் கணக்கில் முடிவதில்லை. முதல் தரம் சாட்டிக் கடற்கரைக்குப் போனபோது அங்கேயே கூழ் காய்ச்சுவது என்று முடிவு. நண்டு, இறால், மீன், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் கொண்டுபோனோம். ஒடியல் மாவை முதல் நாளே ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்தாயிற்று. பதினொரு சமையல்காரிகள், ஒரு பானை. என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். ஒருத்தி புளியைக் கரைத்து ஊற்ற, இன்னொருத்தி அது காணாது என்றாள். மா கட்டிபடும் என்று ஒருத்தி அகப்பையைப் பறித்தாள். உப்பை மட்டும் யாரும் சத்தம் போட்டுப் போடவில்லை. தனித்தனியாக, மற்றவள் மறந்திருப்பாள் என்று நினைத்து, நாலு பேர் போட்டிருக்கிறார்கள்! பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, முதல் வாய் குடித்ததும் பதினொரு முகமும் ஒரே மாதிரிச் சுருங்கியது. பிறகு சுடுதண்ணீரும் இன்னும் கொஞ்சம் மரவள்ளியும் போட்டு ஒருவழியாகக் குடித்து முடித்தோம். இன்னொருத்தி கையை நம்பிச் சாப்பிட்டுப் பழகாதவர்கள் நாங்கள், அதுதான் விஷயம். அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு: ஒன்றுகூடல் நாளில் எங்களில் ஒருவரும் அடுப்பு மூட்டக் கூடாது. வாங்கித்தான் சாப்பிட வேண்டும், இருந்து சாப்பிட வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு வெளியாருக்கு விளங்குவதில்லை. போன வருடம் ஒரு விழாவுக்கு எங்களை விருந்தினராக அழைத்தார்கள். எந்த விழா, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். பெட்டியில் வைத்திருந்த நல்ல சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு போனோம். வாசலில் பன்னீர் தெளித்தவர் எங்களைக் கண்டதும், "சமையல் ஆக்களோ, பின்பக்கத்தால வாங்கோ" என்றார். பின்னால் வெங்காயம் உரிக்காமல் கிடந்தது. வந்தாயிற்று, மூன்று பேர் முந்தானையைச் செருகிக்கொண்டு உரித்தார்கள். நான் உரிக்கவில்லை. திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். உரித்தவர்களோடு ஒரு கிழமை கதைக்கவும் இல்லை. அது என் பிடிவாதம், இப்போது நினைத்தால் கொஞ்சம் கூடிப்போனது போலத்தான் தெரிகிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் பெறாமகளிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு கதை சொன்னாள். பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கொஃபியேயின் பெயரில் நியூயோர்க்கில் ஆண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்களாம். பெண்களுக்கு அதில் இடமில்லை. கரோல் புரொக் என்ற உணவுப் பத்திரிகையாளர் 1976 இல் அதே பெயரில் பெண்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார். இப்போது அது பல நகரங்களில் இருக்கிறது. உணவுத் தொழிலுக்கு வரும் பெண்களுக்குப் படிப்புச் செலவுக்கும் உதவுகிறது. அங்கே சேர அழைப்பு வேண்டும், தொழிலில் பெயர் இருக்க வேண்டும். இங்கே மாதம் 300 ரூபாயும், வான் வண்டிக்குள் நெருக்கி இருக்கும் பொறுமையும் போதும்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாச்சி உணவகத்தில் போய் நின்று பாருங்கள். எல்லாம் பெண்கள், சமைப்பது கண்முன்னால் தெரியும். தோசை ஊற்றுகிறவளுக்குக் கை ஓய்ந்தால் அடுத்த அடுப்புக்காரி ஒரு கரண்டி ஊற்றிவிடுகிறாள். நாங்கள் அங்கே சாப்பிடப் போனபோது இடியப்பக்கார அக்கா தோசையைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவையளுக்கு ஒவ்வொரு நாளும் ஒன்றுகூடல்" என்றார். பொறாமைதான், எனக்கும் இருந்தது.

எங்கள் அடுத்த பயணம் ஆடிப் பிறப்புக்குப் பிறகு வரும் ஞாயிறு. பருத்தித்துறை, வல்லிபுரம், நேரம் கிடைத்தால் மணற்காடு. இந்த முறை கடைகளுக்கு வியாழனே சொல்லிவிடுவோம். கடிதம் எழுதிய ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: சனி பின்னேரமே இடியப்பம் வாங்கி வைத்துவிடாதீர்கள், விடிய விறைத்துப்போய் இருக்கும். பாண் வாங்கி வையுங்கள். சொதி பாணுக்கும் நல்லாயிருக்கும்.

இப்படிக்கு,
பலகாரம் சுடும் ஒருத்தி,
கோண்டாவில்.