பாயைக் குறைக்கத் தெரிஞ்சவங்களைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல பாய்மரப் படகு பயிற்சினு ஒரு படம் போட்டிருந்தீங்க, படகு ஒரு பக்கமா படுத்துக் கிடக்கு, பையன் பாதி உடம்பு வெளிய தொங்கிட்டு கயிறை இழுத்துப் பிடிச்சிட்டு இருக்கான், கீழ "காற்றை எதிர்த்து நிற்கும் இளம் வீரர்"னு எழுதியிருந்தீங்க. படம் அழகா இருந்துச்சு, எடுத்தவர் திறமைசாலி. ஆனா முப்பது வருஷமா மெட்ராஸ் கடல்ல பாய் கட்டி ஓட்டுறவன் நான், எனக்கு அந்தப் படத்துல வேற ஒண்ணு தெரிஞ்சுது. அன்னிக்கு அடிச்ச காத்துக்கு அந்தப் பாய் ரொம்பப் பெருசு. கயிறைக் கொஞ்சம் விட்டிருக்கணும், அவன் விடல. பையன் மேல தப்பே இல்ல, விடணும்னு அவனுக்கு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. அதை வீரம்னு எழுதினா பாக்குற பசங்க எல்லாரும் அதையே செய்யப் போறாங்க, அந்தக் கவலையிலதான் எழுதுறேன்.

காத்து 10 நாட்ல இருந்து 20 நாட் ஆச்சுன்னா, அதாவது மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டர்ல இருந்து 37க்குப் போச்சுன்னா, பாய் மேல விழுற அழுத்தம் ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. இது தெரியாமத்தான் பாதிப் பேரு மாட்டிக்கிறாங்க, "கொஞ்சம்தானே ஏறியிருக்கு"னு நினைச்சுடுவாங்க. படகு சாஞ்சா வேகமா போற மாதிரி இருக்கும், நிஜத்துல வேகம் குறையும். சாஞ்ச படகு தானாவே காத்துப் பக்கம் மூக்கைத் திருப்பும், அதைத் தடுக்க சுக்கானை வம்படியா இழுத்துப் பிடிக்கணும், அப்படிப் பிடிச்ச சுக்கான் தண்ணியில பிரேக் போட்ட மாதிரிதான். நல்லா ஓட்டுறவங்க படகைப் பாருங்க, பெரிய காத்துலயும் கிட்டத்தட்ட நேரா நிக்கும். காத்து வீச்சு வரும்போது தண்ணி மேல கருப்பா ஒரு திட்டு நகர்ந்து வரும், அது படகைத் தொடுறதுக்கு முன்னாடியே அவங்க கயிறைக் கொஞ்சம் இளக்கி, உடம்பை வெளிய சாச்சு, மூக்கை ஒரு விரல்கடை காத்துப் பக்கம் திருப்பிடுவாங்க. பாயையும் ஏற்கனவே இழுத்துத் தட்டையாக்கி வச்சிருப்பாங்க. கரையில நிக்கிறவனுக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரிதான் இருக்கும், அதனால அவங்களை யாரும் படம் எடுக்குறதில்ல.

இதை நான் அடிபட்டுதான் கத்துக்கிட்டேன். 90கள் கடைசில ஒரு ஜூன் மாசம், காலை நேரம். ஜூன்ல நம்ம ஊர்ல காலையில மேல்காத்து, கரையில இருந்து கடலைப் பாத்து அடிக்கும்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். கரையோரம் தண்ணி குளம் மாதிரி இருக்கும், அதை நம்பி இறங்கக் கூடாது, உள்ள போகப் போக அலை எழும், காத்து உங்களைக் கடலுக்குள்ளதான் தள்ளிட்டே இருக்கும். மத்தவங்க பெரிய பாய் கட்டினாங்கன்னு நானும் பெரிய பாய் கட்டிட்டேன். ஹார்பர் கல்லுக்கட்டைத் தாண்டினதும் காத்து ஏறிடுச்சு. பயத்துல, படகு வேகம் குறையட்டும்னு காத்திருந்து அப்புறம் பாயை மறுபக்கம் மாத்தினேன், அங்கதான் தப்பு. காத்தோட போகும்போது படகு எவ்வளவு வேகமா ஓடுதோ அவ்வளவுக்குப் பாய்ல காத்து லேசாயிடும், அந்த நொடியிலதான் மாத்தணும். பயமா இருந்தா மாத்தவே வேணாம், காத்துக்கு மூஞ்சிய காட்டி சுத்திட்டு வந்துடலாம். நான் படகு அலை முதுகுல முட்டி நின்ன நேரத்துல மாத்தினேன், பூம், அதான் பாயோட அடியில இருக்குற கம்பு, வந்து காதுக்கு மேல அடிச்சுது, படகு கவுந்துடுச்சு. நிமித்தினேன், கயிறு சிக்கிட்டு இருந்ததால பாய்ல மறுபடி காத்து நிறைஞ்சு மறுபடி கவுந்துச்சு. மூணு தடவை. படகை மட்டும் விடல, அது ஒண்ணுதான் அன்னிக்கு நான் சரியா செஞ்சது.

காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் ஃபைபர் போட்ல வந்து கட்டி இழுத்தாரு. திட்டல. "பாயை ஏன்பா இறக்கல?"னு கேட்டாரு. இந்தப் படகுல பாய் உறை மாதிரி பாய்மரத்துல மாட்டியிருக்கும்ணே, கடல்ல இறக்க முடியாதுனு சொன்னேன். "அப்போ கரையிலயே சின்னப் பாய் கட்டியிருக்கணும்ல" அப்படின்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. அந்த வகைப் படகுக்கு ஒரே உடம்புல 4.7, 5.7, 7 சதுர மீட்டர்னு மூணு அளவுல பாய் மாட்டலாம், அன்னிக்கு சின்னது கிளப் ஷெட்லதான் கிடந்துச்சு.

2018ல உலகத்தைத் தனியா சுத்துற கோல்டன் குளோப் ரேஸ் நடந்துச்சு. நம்ம அபிலாஷ் டோமி படகு இந்தியப் பெருங்கடல் தெற்குல புயல்ல மாட்டி, பாய்மரம் உடைஞ்சு, முதுகுல அடிபட்டு, அவரைக் காப்பாத்திக் கொண்டு வந்தாங்க, அதே ரேஸுக்கு மறுபடி போய் 2023ல ரெண்டாவதா வந்தாரு, அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த 2018 ரேஸை ஜெயிச்ச ழான் லுக் வான் டென் ஹீட் பத்தி யாரும் எழுதல. பிரான்ஸ்காரர், அப்போ வயசு 73. நடுவுல படகு புரண்டு மரத்தைத் தாங்குற இடம் சேதமாயிடுச்சு, சிலி பக்கம் ஒதுங்கலாமானு யோசிச்சாரு, அப்புறம் கடல்லயே மரத்துல ஏறி ரிப்பேர் பண்ணி, மரத்துக்கு நோகாம ஓட்டிட்டு வந்து 2019 ஜனவரில முதல் ஆளா முடிச்சாரு. என்னைக் கேட்டா மாலுமினா அவருதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். சில வருஷம் முன்னாடி ஒரு பயிற்சியில, பேர் வேணாம், பதிமூணு வயசுப் பொண்ணு மேற்குல வானம் கருக்குறதைப் பாத்துட்டு தானா படகைத் திருப்பிக் கரைக்கு வந்துடுச்சு. கோச் எல்லார் முன்னாடியும் பயந்தாங்கொள்ளினு சொன்னாரு. கால் மணி நேரத்துல காத்து வந்து மூணு படகு கவுந்து, மோட்டார் போட் போய்ப் பசங்களைத் தூக்கிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்ட யாரும் ஸாரி கேக்கல, அது அதுக்கப்புறம் வரவே இல்ல. நம்ம சென்னைப் பொண்ணு நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போனாங்க, பாய்மரப் படகுல ஒலிம்பிக்ஸ் போன முதல் இந்தியப் பெண், அப்புறம் 2024ல பாரிஸும் போனாங்க. அவங்களைப் பாத்துட்டு இங்க நிறைய பெண் குழந்தைங்க ஆசையோட வருது. ஒரு வார்த்தையில அதுங்களைத் துரத்திடாதீங்கனுதான் எல்லா கோச்சுங்களையும் கெஞ்சிக் கேக்குறேன்.

உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள். கட்டுமரத்துல பாய் போட்டு மீன் பிடிச்ச பெரியவங்க நம்ம குப்பங்கள்ல இன்னும் இருக்காங்க, எந்தக் காத்துக்கு எவ்வளவு பாய், எப்போ சுருட்டணும்னு அவங்ககிட்ட கேட்டு எழுதுங்க, அவங்க இருக்கும்போதே எழுதுங்க. அப்புறம், வானிலைப் பகுதியில வெயில், மழை தினமும் போடுறீங்க, காத்து எந்தப் பக்கம் எத்தனை வேகம்னு ஒரு வரி சேருங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்குமாவது போடுங்க. காலையில குழந்தைங்களை டியூப்ல உக்கார வச்சு பீச்ல தண்ணில விடுறாங்களே, அவங்களுக்கும் அது தெரியணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை